டர்பன் ஈரத்தில் ஒரு தோல் ஜாக்கெட்

என்னுடைய முதல் தோல் ஜாக்கெட் இரண்டே ஆண்டுகளில் உரிந்துபோனது. முதலில் காலரின் உட்புறத்தில், கழுத்து உரசும் இடத்தில், நகத்தளவு கறுப்புச் செதில் ஒன்று கிளம்பியது. ஏதோ ஒட்டியிருக்கிறது என்று எண்ணி அதைப் பிய்த்தபோது, அடியில் சாம்பல் நிறத்தில் துணியைப் போன்ற ஒரு படலம் தெரிந்தது. அடுத்த மாதம் முழங்கை, அதற்கடுத்த மாதம் தோள் என்று அது பரவிக்கொண்டே போயிற்று. 2012ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில், பெரிய அங்காடி ஒன்றில் 1,400 ராண்ட் கொடுத்து வாங்கிய ஜாக்கெட் அது. உள்பக்கம் தைத்திருந்த சீட்டில் 'அசல் தோல்' என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வாங்கினேன்.

நான் ராணிப்பேட்டைக்காரன். தோல் தொழிற்சாலைகளின் வாடையோடு பள்ளிக்கூடம் போய் வந்தவன். என் சித்தப்பா அந்தத் தொழிற்சாலை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். ஆனால் எங்கள் ஊர் வெயிலில் தோல் ஜாக்கெட் யாருக்கும் தேவைப்படவில்லை. அங்கே பதனிட்ட தோலெல்லாம் கப்பலேறிப் போகும் பொருளாகத்தான் எங்களுக்குத் தெரியும். 2011இல் வேலைக்காக டர்பனுக்கு வந்த பிறகுதான், மாதத்தில் இரண்டு முறையாவது ஜோகன்னஸ்பர்க் அலுவலகத்துக்குக் காரில் போய்வர வேண்டியிருந்ததால், எனக்கு அப்படியோர் உடை தேவைப்பட்டது. டர்பன் கடலோர ஊர். குளிர்காலமான ஜூலை மாதத்திலும் பகலில் அரைக்கைச் சட்டை போதும். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்கால அதிகாலையில் புல் நுனியெல்லாம் உறைபனியாகக் கிடக்கும். ஆறு மணி நேரப் பயணத்தில் இரண்டு தட்பவெப்பங்களைக் கடக்கிற ஓர் உடையை எப்படிப் பராமரிப்பது என்பதை நான் கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகளும் இரண்டு ஜாக்கெட்டுகளும் ஆயின.

உரிந்த ஜாக்கெட்டைத் தைத்துச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டு, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீட்டின் பின்கட்டிலேயே தோல் வேலை செய்துவந்த ஒரு பெரியவரிடம் போனேன். காலணித் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோல் வெட்டும் மேசையில் நின்றவர் அவர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியில் நான்காம் தலைமுறை. பாட்டியிடமும் கோயில் பள்ளிக்கூடத்திலும் கற்ற தமிழை விடாமல் பேசிவருபவர். ஜாக்கெட்டைக் கையில் வாங்கியவர், தையலைப் பார்க்கவில்லை. லைனிங்கின் அடி ஓரத்தில் ஓர் அங்குலம் பிரித்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்.

"தம்பி, இது தோல்தான். ஆனா தோலோட அடிப்பாகம். மேல ப்ளாஸ்டிக் பூசியிருக்கான்" என்றார்.

அவர் அன்று விளக்கியதை, பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றோடு சேர்த்துச் சொல்கிறேன். மாட்டுத்தோல் தடிமனானது, அப்படியே ஆடைக்கு உதவாது. ஆகவே அதை எந்திரத்தில் கிடைமட்டமாகப் பிளப்பார்கள். மயிர் முளைத்த பக்கத்து மேலடுக்கில்தான் நார்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். வலிமையும் அழகும் அங்கேதான் இருக்கின்றன. அந்த மேற்பரப்பைத் தேய்க்காமல் அப்படியே விட்டால் அதை ஃபுல் கிரெய்ன் என்கிறார்கள். தழும்பையும் கொசுக்கடியையும் மறைக்க அதைத் தேய்த்து, சாயம் பூசி, செயற்கையாக வரிகளை அழுத்தினால் அது இரண்டாந்தரம். பிளந்தபின் மிஞ்சும் அடியடுக்குக்கு ஸ்பிளிட் என்று பெயர். அதில் நார்கள் தளர்வாக இருக்கும். அதன்மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு ஏற்றிப் பளபளப்பாக்கிவிட்டால் கடை வெளிச்சத்தில் முதல்தரமாகவே தெரியும். இவை எல்லாமே விலங்கின் தோல்தான் என்பதால் 'அசல் தோல்' என்று எழுதுவதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் உரிவது பூச்சு. அடியில் இருக்கிற தோலில் எத்தனை கிரீம் தடவினாலும் அந்தப் பூச்சைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. வாங்குகிறவர் கேட்க வேண்டியது தோலா இல்லையா என்பதன்று. தோலின் எந்த அடுக்கு, அதன்மேல் என்ன பூசியிருக்கிறது என்பதே.

கடையில் இதைக் கண்டுபிடிக்க அவர் சொல்லித்தந்த வழிகளை இன்றும் பின்பற்றுகிறேன். கட்டைவிரலால் தோலை அழுத்த வேண்டும். நல்ல மேலடுக்கு என்றால் விரலைச் சுற்றிலும் மெல்லிய சுருக்கங்கள் சூரியக் கதிர்கள்போல் ஓடி, விரலை எடுத்ததும் மெதுவாக மறையும். தடிமனான பூச்சு இருந்தால் ஒரு பள்ளம் விழுந்து மேலெழும், அவ்வளவுதான். மயிர்க்கால் புள்ளிகள் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் அது அச்சில் அழுத்தியது. இயற்கையான தோலில் முதுகுப் பகுதியில் நெருக்கமாகவும் வயிற்றுப் பகுதியில் கலைந்தும் இருக்கும். பைக்குள் கைவிட்டால் பல ஜாக்கெட்டுகளில் வெட்டிய ஓரம் விரலில் தட்டுப்படும். அங்கே பஞ்சு போன்ற நார் தெரிய வேண்டும். வாசனை மட்டும் நம்பத்தக்கதன்று. அதையும் தெளித்து விற்கிறார்கள். நெருப்பைக் காட்டிச் சோதிப்பதைப் பற்றிப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாங்காத பொருளைக் கடையில் எரித்துப் பார்க்க யார் விடுவார்கள்? அது வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது ஜாக்கெட்டை வாங்க நான் ஒன்றரை ஆண்டு காத்திருந்தேன். 2015இல், ஜோகன்னஸ்பர்க்கில் ஆடைகளைத் தானே வெட்டித் தைக்கும் ஒரு சிறிய பட்டறையில், வெள்ளாட்டுத்தோலில் ஒன்றை 4,800 ராண்டுக்கு வாங்கினேன். அடர்ந்த காப்பிக்கொட்டை நிறம். மாட்டுத்தோலா ஆட்டுத்தோலா என்று நெடுநாள் யோசித்தே இந்த முடிவுக்கு வந்தேன். மாட்டுத்தோல் ஜாக்கெட் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக, கனமாக இருக்கும். மோட்டார்சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் சரி, அவர்கள் அதிலும் பாதுகாப்புத் தரச் சான்று பார்த்தே வாங்க வேண்டும். செம்மறித்தோல் கைக்குப் பட்டுப்போல் இருக்கும். ஆனால் எளிதில் கிழியும். வெள்ளாட்டுத்தோல் மெல்லியதாக இருந்தும் நார் இறுக்கத்தால் அதன் தடிமனுக்கு மீறிய வலிமை கொண்டது. லேசான மணற்பரப்புபோல் ஒரு சொரசொரப்பு உண்டு. கீறல் அவ்வளவாகத் தெரியாது. காரில் உட்கார்ந்து போகிற எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. ஆட்டுத்தோல் சிறியது என்பதால் முதுகில் நடுத் தையல் வரும், அது குறையன்று. மாட்டுத்தோல் ஜாக்கெட்டில் முதுகு முழுவதும் துண்டு துண்டாக இருந்தால்தான் ஐயப்பட வேண்டும்.

அளவு விஷயத்தில் அந்தப் பட்டறைக்காரர் கண்டிப்பாக இருந்தார். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் சரியாக உட்கார வேண்டும். மற்ற எதையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், தோளை மட்டும் மாற்ற முடியாது. ஏனெனில் தோலில் ஊசி போட்ட துளை என்றென்றைக்கும் துளைதான். துணியைப்போல் பிரித்துத் தைத்தால் பழைய துளைகள் வரிசையாக நிற்கும். தையல் அளவுக்கு மீறி நெருக்கமாக இருந்தாலும் அந்த வரிசை தபால்தலையின் ஓரம்போல் ஆகி, அங்கேயே கிழியும். ஜிப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் பிடிப்பதுபோல் நீட்டச் சொன்னார். கைமுனை மணிக்கட்டு எலும்பை விட்டு அரை அங்குலத்துக்குமேல் ஏறவில்லை. புதிதாக இருக்கும்போது மார்புப் பகுதி சற்றே இறுக்கமாக இருப்பது நல்லது. ஓரிரண்டு மாதங்களில் உடம்பின் வடிவத்துக்குத் தோல் இளகிக் கொடுத்துவிடும். ஜிப் பித்தளையில் இருந்தது, ஒய்.கே.கே. என்ற ஜிப் நிறுவனத்தின் பெயர் இழுவையில் பொறித்திருந்தது. ஜாக்கெட்டில் முதலில் பழுதாவது பெரும்பாலும் ஜிப்தான் என்பதால் அதைப் பத்து முறையாவது ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

பதனிடும் முறையையும் கேட்டேன். இடுப்புவார், காலணி அட்டை போன்ற விறைப்பான பொருள்களுக்கு மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்த தோல் உகந்தது. எங்கள் வட ஆர்க்காட்டில் அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டை. இங்கே, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில், வாட்டில் பட்டை. ஆஸ்திரேலிய மரமான கறுப்பு வாட்டிலின் விதையை 1864இல் ஜான் வான்டர்பிளாங்க் என்பவர் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் வழியில் உள்ள கேம்பர்டௌனில் விதைத்தார். இன்று நெடுஞ்சாலையோரம் பல இடங்களில் அந்த மரத்தைப் பார்க்கலாம். வாட்டில் சாறு கட்டி கட்டியாக வந்திறங்குவதைப் பற்றிச் சித்தப்பா பேசுவார்; அந்த மரத்தை நான் நேரில் பார்த்தது இங்கே வந்துதான். ஆடைக்கு வேண்டிய மென்மையும் நீர் தாங்கும் தன்மையும் குரோம் உப்பில் பதனிட்ட தோலுக்கே அதிகம். 1884இல் அமெரிக்காவில் ஆகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்ற முறை அது. வாரக்கணக்கில் நடந்த வேலையை அது ஓரிரு நாளுக்குச் சுருக்கிவிட்டது. அந்த முறையின் கழிவுநீர் பாலாற்றுக்குச் செய்த கேட்டைக் கண்ணால் கண்டவன் என்பதால், ஒரு ஜாக்கெட்டை வாங்கினால் அதை இருபது ஆண்டுகளாவது உழைக்க வைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டு. மலிவாக வாங்கி ஈராண்டில் எறிவது அந்த ஆற்றுக்கும் அந்த விலங்குக்கும் செய்யும் அநியாயமாகவே எனக்குப் படுகிறது.

இனிப் பராமரிப்பு. இதில்தான் நான் அதிகம் தவறினேன்.

வாங்கிய முதல் ஆண்டுகளில், படித்த குறிப்புகளில் சொன்னபடியெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தோல் கிரீம் தடவி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, அலமாரியின் உட்கோடியில் பத்திரமாக மாட்டிவைத்தேன். அந்தக் குறிப்புகள் வறண்ட, குளிர்ந்த நாடுகளில் இருப்பவர்கள் எழுதியவை என்பது எனக்கு உறைக்கவில்லை. நேட்டால் கடற்கரையில் மழைக்காலமும் கோடைக்காலமும் ஒன்றே. நவம்பரிலிருந்து மார்ச் வரை காற்று நனைந்த துணியைப்போல் இருக்கும். நாம் ஜாக்கெட்டைத் தொடாமல் விட்டுவைக்கும் மாதங்களும் அவையேதான். காற்றில் ஈரப்பதம் எழுபது விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றுவிட்டால், காற்றோட்டமில்லாத தோலில் பூசணம் பிடிக்கத் தொடங்கிவிடும். மிகையாகத் தடவிய கொழுப்பும் எண்ணெயும் அதற்குத் தீனி.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனில் பெய்த மழையை இங்கே இருந்த எவரும் மறக்க மாட்டார்கள். நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எங்கள் வீடு தப்பியது; ஆனால் பின்சுவரில் நீர் கசிந்து, படுக்கையறை அலமாரியின் முதுகுப்பலகை ஊறிப்போயிருந்தது. குழாயில் தண்ணீர் வராத நாள்கள் அவை. ஜாக்கெட்டை யார் நினைப்பார்கள்? ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து உறையைத் திறந்தபோது, முதுகிலும் காலருக்கு அடியிலும் விபூதியைத் தூவியதுபோல் வெண்பூசணம் பூத்திருந்தது. மக்கிய வாடை முகத்தில் அடித்தது.

பதற்றத்தில் நான் அடுத்தடுத்து இரண்டு பிழைகளைச் செய்தேன். ஈரத்துணியால் பூசணத்தைத் துடைத்து, உச்சிவெயிலில் கொடியில் போட்டேன். மாலையில் எடுத்தபோது காலர் அப்பளம்போல் விறைத்திருந்தது. அதை இளக்குவதற்காக, வலது கைமுனையில் சமையலறைத் தேங்காயெண்ணெயைத் தேய்த்தேன். உள்ளங்கையகலத்துக்கு அந்த இடம் கறுத்துப்போனது. ஒரு மாதத்தில் சிக்கு வாடையும் வந்துவிட்டது. வேகமாகச் சூடேற்றினால் தோலின் நார்கள் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதே நிலை அடுப்பருகில் காயவைத்தாலும் ஹீட்டர் முன் வைத்தாலும் வரும். சமையல் எண்ணெய் தோலுக்குள் தங்கிக் கெட்டுப்போகும். அதை வெளியே எடுக்க வழியே இல்லை.

மறுபடியும் சாட்ஸ்வொர்த்துக்குத்தான் ஓடினேன். அந்தத் தோல் வேலைத் தாத்தா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வெளியே, மாமரத்து நிழலுக்குப் போனார். பூசண வித்துகள் வீட்டுக்குள் பறக்கக் கூடாது என்பதற்காக அப்படி. வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டார். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால், மேலிருந்து கீழாக, ஒரே திசையில் பூசணத்தைத் தட்டி நீக்கினார். பாதி தண்ணீர், பாதி வெள்ளை வினிகர் கலந்து, அதில் பழைய பருத்தித் துணியை நனைத்து, ஒரு சொட்டும் விழாத அளவுக்குப் பிழிந்தார். சாயம் இறங்குகிறதா என்று முதலில் காலரின் அடியில் ஒரு மூலையில் துடைத்துத் துணியைப் பார்த்தார், இறங்கவில்லை. பிறகு ஒரு கையகலம், ஒரு கையகலமாகத் துடைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பகுதிக்கும் துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொண்டார். லைனிங்கையும் பைகளையும் வெளியே இழுத்து அவற்றையும் துடைத்தார். அந்த இடத்தைப் பலரும் மறப்பதால்தான் பூசணம் திரும்ப வருகிறது என்பது அவர் கருத்து. கைகளுக்குள் அச்சில்லாத வெள்ளைத் தாளைச் சுருட்டித் திணித்து, அகலமான மர ஹேங்கரில் மாட்டி, காற்றோடும் தாழ்வாரத்தில் மூன்று நாள் நிழலிலேயே விட்டார். செய்தித்தாளைத் திணித்தால் மை லைனிங்கில் ஏறும்.

நான்காம் நாள்தான் கிரீம். அதுவும் கடலைப் பருப்பளவு எடுத்து, தன் உள்ளங்கைச் சூட்டில் இளக்கி, காலரில் மட்டும் வட்டமாகத் தேய்த்து, அரை மணி கழித்துத் துணியால் மிச்சத்தைத் துடைத்தெடுத்தார். அவ்வாறே ஒரு நாள் விட்டு ஒரு நாள், நான்கு முறை. காலர் முழுதாக இளகவில்லை. மடித்தால் இன்றும் ஒரு முறுக்கு இருக்கிறது. கைமுனையின் கறையும் அப்படியேதான் இருக்கிறது.

"எங்க இருக்கமோ அதுக்குத் தகுந்த மாதிரிதான் கிரீம், தம்பி. ஜோபர்க்ல எண்ணெய் கேக்கும். டர்பன்ல காத்து கேக்கும்" என்று அவர் சொன்ன பிறகு என் பழக்கம் முழுவதும் மாறிவிட்டது. இப்போது கிரீம் ஆண்டுக்கு ஒரு முறைதான்; குளிர்காலம் தொடங்கும் மே மாதத்தில், ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் வறட்சிக்குப் போவதற்குமுன். அங்கேயே குடியிருப்பவர்கள் ஆகஸ்டில் இன்னொரு முறை தடவலாம். குளிர்கால வறண்ட காற்றில் முழங்கை மடிப்புகள் வெளிறத் தொடங்குவதே அதற்கு அடையாளம். பிளாஸ்டிக் உறையை எறிந்துவிட்டு, பழைய பருத்தி வேட்டி ஒன்றைப் பையாகத் தைத்து மேலே போட்டிருக்கிறேன். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து நகர்த்தி, உள்சுவர் ஓரமாக நான்கு விரல் இடைவெளி விட்டு வைத்தேன். டிசம்பரிலும் ஜனவரியிலும், மழை இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, வாரத்துக்கு ஒரு முறை ஜாக்கெட்டை வெளியே எடுத்து மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம் மாட்டுகிறேன். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் உதவும். ஆனால் அவற்றை மாற்றிக்கொண்டோ உலர்த்திக்கொண்டோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை இருந்தும் பயனில்லை. சாதாரண உலர்சலவைக் கடைக்குத் தோலை அனுப்பவே கூடாது. அங்கே பயன்படுத்தும் கரைப்பான் தோலின் கொழுப்பை உறிஞ்சிவிடும். ஷூ பாலிஷும் ஆகாது. அது சட்டைக் காலரில் ஒட்டும்.

இந்தப் பழக்கத்துக்கு 2024 செப்டம்பர் 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஒரு சோதனை வந்தது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து திரும்பும்போது, ஹாரிஸ்மித்தைத் தாண்டி வான் ரீனன் கணவாய்க்கு முன்பாக, என்3 நெடுஞ்சாலையே பனியில் அடைபட்டது. லாரிகளுக்கு நடுவே இரவு முழுவதும் காரில் கிடந்தேன். முன்கண்ணாடியில் படிந்த பனியைத் தள்ளிவிடவும், பின்னால் நின்ற குடும்பத்துக்குத் தண்ணீர் கொடுக்கவும் நான்கைந்து முறை இறங்கியதில், தோள்களில் பனி உருகி ஜாக்கெட் நன்றாக நனைந்துவிட்டது. காரின் ஹீட்டர் காற்று நேராகப் படாதபடி அதைக் கழற்றிப் பின்னிருக்கையின் முதுகில் விரித்துப் போட்டேன். நீரைத் துணியால் ஒற்றி எடுத்தேன், தேய்க்கவில்லை. மறுநாள் வீட்டுக்கு வந்ததும் ஹேங்கரில் இரண்டு நாள் நிழல் காற்று. பிறகு தோள்களில் மட்டும் லேசாகக் கிரீம். நீர்க்கோடு ஒன்றுகூட விழவில்லை.

அதைத் தாத்தாவிடம் காட்ட வேண்டும் என்று அந்த வாரமே போயிருப்பேன். ஆனால் புரட்டாசி பிறந்திருந்தது. அந்த மாதத்துச் சனிக்கிழமைகளில் அவர் தோலைத் தொடமாட்டார், எனக்கோ மற்ற நாள்களில் அலுவலகம். மாதம் முடிந்து போனபோது, ஜாக்கெட்டின் தோளைக் கட்டைவிரலால் அழுத்தி, சுருக்கங்கள் ஓடி மறைவதைப் பார்த்தார். பிறகு வலக் கைமுனையைத் திருப்பி, அந்தத் தேங்காயெண்ணெய்க் கறையை முகர்ந்துவிட்டு, "வாடை போயிடுச்சு" என்றார்.